சைனஸ் சுவருக்குள் ஓடும் தமனி: பல் அறுவைக்கு முன் எடுக்கும் படம் எவ்வளவு சொல்கிறது?

மேல் கடைவாய்ப் பல்லை இழந்து சில ஆண்டுகள் கழித்து இம்பிளான்ட் வைத்துக்கொள்ள வருபவருக்கு, எலும்பு போதாது என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் கிடைக்கிறது. பல் போனதும் அதைத் தாங்கியிருந்த பல்மேடு கீழிருந்து தேயத் தொடங்கும். மேலே இருக்கும் சைனஸ் அறையோ மெல்லக் கீழே விரியும். கடைசியில் வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சியிருக்கும். எட்டோ பத்தோ மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியம் திருகை அதில் எப்படி நிறுத்துவது? அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் சைனஸ் லிஃப்ட். கன்னத்துக்கு உட்புறமாக ஈறை விலக்கி, சைனஸின் வெளிச்சுவரில் சிறிய ஜன்னல் ஒன்றை வெட்டுவார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைக் கிழியாமல் உயர்த்தி, அதன் அடியில் எலும்புத்தூளை நிரப்புவார்கள். சில மாதங்களில் அது இறுகி, திருகைத் தாங்கும் எலும்பாகிறது.

அந்த ஜன்னலை வெட்டும் சுவருக்குள்ளேயே ஒரு தமனி குறுக்காக ஓடுகிறது. வெட்டுவதற்கு முன்பே அது எந்த உயரத்தில் ஓடுகிறது, எவ்வளவு தடிமன் என்று படம் எடுத்துத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? கடந்த கால் நூற்றாண்டில் பல நாடுகளில் சடல அறுப்பாகவும் சி.டி. படங்களின் தொகுப்பாகவும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முரண்பாடுதான், ஏனென்றால் படத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கான விடை அங்கேதான் கிடக்கிறது.

முதலில் அந்த அறையைப் பற்றி. மூக்கின் இருபுறமும் மேல்தாடை எலும்புக்கு உள்ளே இருக்கும் மேல்தாடைச் சைனஸ், முகத்தில் உள்ள காற்றறைகளில் மிகப் பெரியது. வளர்ந்த மனிதருக்குச் சுமார் 12 முதல் 15 மில்லிலிட்டர் கொள்ளளவு இருக்கும். லியோனார்டோ டாவின்சி 1489 வாக்கில் வரைந்த மண்டையோட்டுப் படங்களிலேயே இந்த அறை இருக்கிறது. ஆனால் மருத்துவ உலகில் இதற்குப் பெயர் வாங்கித் தந்தவர் இங்கிலாந்தின் நத்தானியேல் ஹைமோர். 1651-இல் வெளியான தன் உடற்கூற்று நூலில் அவர் ஒரு பெண்மணியின் நோய்க்கதையைச் சொல்கிறார். மேல் பல் ஒன்றைப் பிடுங்கிய பின் அந்தப் பெண்ணுக்குப் பல்குழியிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்க அந்தப் பெண்ணே ஒரு இறகை உள்ளே செலுத்த, அது போய்க்கொண்டே இருக்க, மூளையைத் தொட்டுவிட்டதோ என்று பதறிப்போனார். இறகு போய்ச் சேர்ந்த இடம் சைனஸ்தான். பல் வைத்தியமும் சைனஸும் எவ்வளவு நெருங்கியவை என்பது அப்போதே பதிவாகிவிட்டது.

அறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு, பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் கான்ராட் விக்டர் ஷ்னைடரின் பெயரால் வழங்குகிறது. ஆரோக்கியமான நிலையில் அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். சைனஸ் லிஃப்ட் செய்பவரின் கவலையெல்லாம் இந்தச் சவ்வைப் பற்றியதுதான். தமனியைப் பற்றிய கவலை சற்றுப் பிந்தியே வந்தது.

தமனி எங்கிருந்து வருகிறது? காதுக்கு முன்னால், தாடை மூட்டுக்குப் பின்னாலிருந்து புறப்படும் மேல்தாடைத் தமனி, முகத்தின் ஆழத்தில் போய்க் கிளைகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒரு கிளை சைனஸின் பின்சுவரை ஒட்டி இறங்கி, மேல் கடைவாய்ப் பற்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள எலும்புக்கும் ரத்தம் தருகிறது. பல் மருத்துவர்கள் அதை பி.எஸ்.ஏ. தமனி என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்னொரு கிளை கண்குழியின் தரைக்குள் புகுந்து முன்பக்கம் வந்து கன்னத்தில் வெளிப்படுகிறது. பின்னாலிருந்து வரும் கிளையும் முன்னாலிருந்து வரும் கிளையும் சைனஸின் வெளிச்சுவரில் ஒன்றோடொன்று இணைகின்றன. அந்த இணைப்பு ஒரு வளைவாகத் தொங்குகிறது. பெரும்பாலோரிடம் முதல் கடைவாய்ப் பல்லின் அருகே அது மிகவும் தாழ்ந்திருக்கும். ஜன்னல் வெட்டுவதற்கு மருத்துவர் அதிகம் நாடுவதும் அந்த இடத்தைத்தான்.

இணைப்பு என்ற இந்த அமைப்புக்கு இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, இதை வெட்டினால் ரத்தம் இருபக்கமிருந்தும் வரும். ஒரு முனையை அடைத்தால் மட்டும் போதாது. மற்றொன்று, உள்ளே நிரப்பும் எலும்புத்தூள் உயிருள்ள எலும்பாக மாறத் தேவையான ரத்தத்தில் ஒரு பகுதி இதே குழாய்களிலிருந்துதான் கிடைக்கிறது. எனவே தமனியைக் காப்பாற்றுவது ரத்தக்கசிவைத் தவிர்ப்பதற்கு மட்டும் அல்ல, சிகிச்சை பலிப்பதற்கும் தேவை. இந்த இரண்டாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சைனஸ் லிஃப்ட்டின் வரலாறு நீண்டதல்ல. அமெரிக்காவின் ஹில்ட் டேட்டம் 1970-களின் நடுவில் இம்முறையைச் செய்து மாநாடுகளில் விளக்கினார். பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் 1980-இல் இதை முதன்முதலாக ஆய்விதழில் வெளியிட்டார்கள். அன்று மருத்துவர்கள் கையில் இருந்தவை சிறு பல் எக்ஸ்ரேயும், முகத்தைச் சுற்றிவந்து தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி.யும்தான். ஓ.பி.ஜி. தட்டைப் படம். சுவரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். பல்மேட்டின் உயரத்தை ஓரளவு மதிப்பிடலாம். சுவருக்குள் ஓடும் மில்லிமீட்டர் அளவுள்ள கால்வாயை அதில் தேடுவது வீண். சி.டி. வந்த பிறகும் அது மருத்துவமனைகளுக்குள்தான் இருந்தது. பல்லுக்காக அங்கே போவது செலவும் கதிர்வீச்சும் மிகுந்த காரியம். கோன் பீம் சி.டி. என்ற சி.பி.சி.டி. இத்தாலியில் 1990-களின் இறுதியில் உருவாகி, பல் மருத்துவமனைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோதுதான் நிலைமை மாறியது. கூம்பு வடிவ எக்ஸ்ரே கற்றை தலையை ஒருமுறை சுற்றிவருகிறது. கணினி அதிலிருந்து முப்பரிமாணப் படத்தை அமைக்கிறது. நினைத்த திசையில் வெட்டிப் பார்க்கலாம்.

ஆனால் தமனியைப் பற்றிய முதல் தெளிவான அறிவு படத்திலிருந்து வரவில்லை, சடலத்திலிருந்து வந்தது. 1999-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த சோலர் குழுவினர் 18 மேல்தாடைகளை அறுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குள் ஓடும் இணைப்பு 18-லும் இருந்தது. ஒன்றில்கூட இல்லாமல் இல்லை. அதற்கு மேலே, எலும்புக்கு வெளியே மென்திசுவில் ஓடும் இரண்டாவது இணைப்பு 44 சதவீதத்தில் இருந்தது. எலும்புக்குள் ஓடுவது பல்மேட்டின் விளிம்பிலிருந்து சராசரியாக 19 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது.

பிறகு சி.டி. படங்களை வைத்து எண்ணத் தொடங்கினார்கள். எலியன் குழுவினர் 2005-இல் 50 பேரின் படங்களைப் பார்த்தார்கள்; 52.9 சதவீத இடங்களில்தான் தமனியின் தடம் தெரிந்தது. மார்டிங்கர் குழுவினர் 2007-இல் 208 சைனஸ்களைப் பார்த்தார்கள்; 55 சதவீதம். 2011-இல் துருக்கியின் குன்ஜு குழுவினர் 121 பேரைப் பார்த்ததில் 64.5 சதவீதம். சடலத்தில் நூற்றுக்கு நூறு, படத்தில் பாதியோ பாதிக்குச் சற்று மேலோ என்றால், மீதிப் பேருக்குத் தமனியே இல்லையா?

இக்கேள்விக்கு நேரடியாக விடை தந்தது 2011-இல் ரொசானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்தார்கள். 15 சடலங்களின் தமனிகளில் நிறமூட்டிய லேடெக்ஸைச் செலுத்தி 30 சைனஸ்களை அறுத்தார்கள். 30-லும் இணைப்பு இருந்தது. பிறகு 100 நோயாளிகளின் சி.டி. படங்களில் 200 சைனஸ்களைத் தேடினார்கள். தெளிவான எலும்புக் கால்வாய் தெரிந்தது 47 சதவீதத்தில் மட்டும். தமனி எல்லோருக்கும் இருக்கிறது, படத்தில்தான் பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்பதே இதன் பொருள்.

ஏன் தெரியவில்லை? சாதாரண சி.டி.யும் சி.பி.சி.டி.யும், ரத்தத்தில் மருந்து செலுத்தாமல் எடுக்கும்போது, ரத்தக் குழாயைக் காட்டுவதே இல்லை. அவை காட்டுவது எலும்பில் குழாய் விட்டுச்சென்ற பாதையை. சுவருக்குள் பதித்த மின்குழாய் தெரியும், உள்ளே ஓடும் கம்பி தெரியாது என்பதுபோல. அந்தக் கால்வாய் முழுவதும் எலும்பால் சூழப்பட்டிருந்தால் வட்டமான கரும்புள்ளியாகத் தெரியும். தமனி எலும்பின் உள்விளிம்பில் ஒரு பள்ளத்தில் பாதி அமர்ந்து ஓடினால் சிறு குழிவாகத் தெரியலாம். எலும்பில் எந்தத் தடமும் பதியாமல் சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே மட்டும் ஓடினால், சவ்வும் தமனியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. குன்ஜு குழுவின் கணக்கில், தெரிந்த தமனிகளிலேயே 68.2 சதவீதம் எலும்புக்குள்ளும், 26 சதவீதம் சவ்வின் அடியிலும், 5.7 சதவீதம் சுவரின் வெளிப்புறத்திலும் ஓடின. தெரியாதவற்றில் சவ்வை ஒட்டி ஓடுபவை இன்னும் அதிகமாக இருக்கும் என்று ஊகிப்பது தவறாகாது.

அளவும் ஒரு காரணம். ரொசானோ ஆய்வில் தெரிந்த கால்வாய்களில் 55.3 சதவீதம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டவை. படம் என்பது கனசதுரத் துண்டுகளின் அடுக்கு. ஒவ்வொரு துண்டையும் வோக்சல் என்கிறார்கள். ஒரு துண்டுக்குள் பாதி எலும்பும் பாதி துளையும் விழுந்தால் கணினி இரண்டையும் சராசரியாக்கி ஒரே சாம்பல் நிறத்தைத் தரும். அரை மில்லிமீட்டர் துளையை ஒரு மில்லிமீட்டர் தடிமனான வெட்டுமுகத்தில் தேடினால் அது கரைந்துபோயிருக்கும். இதனால்தான் பழைய சி.டி. ஆய்வுகளைவிட, நுண்ணிய வோக்சல் கொண்ட சி.பி.சி.டி.யில் செய்த ஆய்வுகளில் தமனியின் தடம் அதிகம் பேரிடம் தெரிகிறது. மனிதர்கள் மாறவில்லை, கருவிதான் மாறியது. இந்தச் சதவீதங்களை இனங்களுக்கு இடையேயான வேறுபாடாக எடுத்துக்கொண்டு நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு எழுதும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. கருவி, வோக்சல் அளவு, வெட்டுமுகத்தின் தடிமன், பார்த்தவரின் பழக்கம் ஆகியவை ஒன்றாக இல்லாதவரை அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு மிகக் குறைவு என்பதே என் கருத்து.

உயரத்தைப் பற்றிய எண்களிலும் இதே குழப்பம். சோலர் 19 மில்லிமீட்டர் என்கிறார். எலியன் 16.4, குன்ஜு 18. ரொசானோ 11.25 என்கிறார். எல்லாமே பல்மேட்டின் விளிம்பிலிருந்து அளந்தவை. ஆனால் அந்த விளிம்பு நிலையான இடமல்ல. பல் இருக்கும்போது ஓரிடத்தில் இருக்கும். பல் போய் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் மேலே ஏறியிருக்கும். தமனி இருந்த இடத்திலேயே இருக்கிறது, தரைதான் அதை நோக்கி உயர்கிறது. பல் உள்ளவர்கள் அதிகம் சேர்ந்த ஆய்வில் எண் பெரிதாகும். பல்லிழந்து எலும்பு தேய்ந்தவர்கள் அதிகம் சேர்ந்தால் சிறிதாகும். சைனஸ் லிஃப்ட் தேவைப்படுபவர்களோ இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஜன்னலின் மேல்விளிம்பு பல்மேட்டிலிருந்து 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்றொரு வாய்ப்பாடு வகுப்பறைகளில் சொல்லப்படுவதுண்டு. எலியன் குழுவினரே அந்த 15 மில்லிமீட்டர் எல்லையை வைத்துக் கணக்கிட்டு, சுமார் 20 சதவீதம் பேருக்குத் தமனி குறுக்கிடக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். மேடு மிகவும் தேய்ந்தவரிடம் அந்த வாய்ப்பாட்டை நம்பி, பர் என்ற சுழலும் வெட்டுக்கருவியைப் பிடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுவதற்குச் சமம். இங்கே சராசரிக்கு வேலையில்லை. எதிரே நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் தமனி எங்கே என்பது மட்டும்தான் கேள்வி.

ஆகவே படம் வேண்டும். ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. பல் மருத்துவமனைகளில் கதிர்வீச்சைக் குறைக்கச் சிறிய பரப்பை மட்டும் எடுப்பது வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குள் பல்லையும் ஈறையும் கீழ்ப்பற்களையும் சேர்த்துப் பிடித்தால், சைனஸின் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுப்போகும். தமனியும் அதோடு போகும். சைனஸிலிருந்து சளி மூக்குக்கு வடியும் வாய், அறையின் மேற்பகுதியில் இருக்கிறது. அது அடைபட்டிருந்தால் லிஃப்ட் செய்த பின் சைனஸ் தொற்று வர வாய்ப்புண்டு. அதையும் பார்க்க வேண்டுமென்றால் படத்தின் பரப்பை மேல்நோக்கி நகர்த்தத்தான் வேண்டும். கீழ்த்தாடையை விட்டுவிட்டு, பல்மேட்டிலிருந்து மேலே அறையின் வாய் வரை பிடிப்பது பெரும்பாலானோருக்குப் போதுமானது.

வாசிப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. பலர் முதலில் திறப்பது நேர்முக வெட்டுமுகத்தை. தமனி முன்னும் பின்னுமாக ஓடுவதால் அந்த வெட்டில் அது ஒரு புள்ளியாக விழுகிறது. ஒரே வெட்டில் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கடைசிக் கடைவாயிலிருந்து முன் கடைவாய் வரை ஒவ்வொரு வெட்டாக நகர்த்திக்கொண்டு வந்தால், ஒரு வெட்டில் மங்கலாக இருந்த குழிவு அடுத்த வெட்டில் வட்டமாகும், அதற்கடுத்ததில் மறையும், பின் மீண்டும் தோன்றும். இந்தத் தொடர்ச்சிதான் அது தமனியின் பாதை என்பதற்குச் சாட்சி. பின்சுவரில் அது எலும்புக்குள் நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து முன்னோக்கிப் பின்தொடர்வது இன்னும் நம்பகமான முறை. நோயாளி அசைந்திருந்தாலோ, பக்கத்துப் பல்லில் உலோகக் கேப் இருந்து கீற்றுகள் படர்ந்திருந்தாலோ, அந்தப் பகுதியில் தெரியவில்லை என்பதற்குப் பொருளே இல்லை.

கால்வாயின் விட்டத்தைத் தமனியின் விட்டமாக எடுத்துக்கொள்வதும் பரவலாக நடக்கிறது. அந்தக் கால்வாய்க்குள் தமனியோடு நரம்பும் சிரையும் சேர்ந்து போகின்றன. எனவே இரண்டு மில்லிமீட்டர் கால்வாய் என்றால் உள்ளே இருக்கும் தமனி அதைவிடச் சிறியது. அப்படியிருந்தும் கால்வாயின் அளவு ஒரு நல்ல எச்சரிக்கைதான். குழாய் வழியே ஓடும் திரவத்தின் அளவு, கோட்பாட்டின்படி, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் ஓட்டம் பதினாறு மடங்காகும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த தமனி வெட்டுப்பட்டால் சற்று நேரம் பஞ்சை அழுத்தினாலே பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டைத் தாண்டினால் அது வேறு கதை. மார்டிங்கர் ஆய்வில் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் கால்வாய்கள் 6.7 சதவீத சைனஸ்களில் இருந்தன. ரொசானோ ஆய்வில், தெரிந்தவற்றில் 4.3 சதவீதம். குறைவுதான். ஆனால் பெரிய கால்வாய் படத்தில் தப்புவது கடினம் என்பதால், ஆபத்து அதிகமுள்ள இவர்களைத்தான் சி.பி.சி.டி. சிறப்பாகக் காட்டிக்கொடுக்கிறது. பாதிப் பேருக்குத் தமனி தெரியாத இந்தப் படத்துக்குப் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். தப்பிப்போகும் தமனிகளில் பெரும்பாலானவை மெல்லியவை.

தமனி வெட்டுப்பட்டால் எவ்வளவு ஆபத்து? பயமுறுத்தாமல் சொல்ல வேண்டியது இது: உயிருக்கு ஆபத்து வருவது மிக அரிது. ஆம்ஸ்டர்டாமில் ஸைடர்வெல்ட் குழுவினர் 100 பேருக்குச் செய்த 118 சைனஸ் லிஃப்ட்டுகளின் விவரத்தை 2008-இல் வெளியிட்டார்கள். சவ்வு கிழிந்தது 11 சதவீதத்தில். குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு 2 சதவீதத்தில். உண்மையான தொந்தரவு வேறு விதத்தில் வருகிறது. ரத்தம் பெருகினால் ஜன்னலுக்குள் எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் சவ்வை உயர்த்தினால் அது கிழியும். கிழிந்தால் எலும்புத்தூள் சைனஸுக்குள் சிதறும், ரத்தம் அதை அடித்துச் செல்லும். ரத்தத்தை நிறுத்த மின்சூட்டால் சுட்டால், அந்தச் சூடே மெல்லிய சவ்வை அழுகவைத்துப் பின்னர் துளையாக்கக்கூடும். எலும்புக்குள் அறுபட்ட தமனியின் முனை உள்ளே சுருங்கிப் போய்விட்டால் கிடுக்கியால் பிடிக்கவும் வராது; மெழுகு போன்ற பொருளைக் கால்வாய்க்குள் அழுத்தி அடைக்க வேண்டியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைத் தவிர்ப்பதற்காகத்தான் படம்.

படத்தில் தமனி தெரிந்தால் அறுவைத் திட்டம் எப்படி மாறுகிறது? பெரும்பாலும் ஜன்னலைத் தாழ்த்தி, தமனிக்குக் கீழேயே அதன் மேல்விளிம்பு முடியுமாறு வரைந்தால் போதும். தமனி மிகத் தாழ்ந்திருந்து அது முடியாவிட்டால், அதற்கு மேலும் கீழுமாக இரண்டு சிறு ஜன்னல்கள் வெட்டி நடுவில் எலும்புப் பட்டையை விட்டுவைப்பதுண்டு. சுழலும் பருக்குப் பதிலாகப் பீசோ கருவியைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. இத்தாலியின் வெர்செலோட்டி 2001-இல் இந்த அறுவைக்கு அறிமுகப்படுத்திய இக்கருவி, நுண்ணதிர்வால் கடினமான எலும்பைத் தேய்க்கும். மென்மையான சவ்வும் தமனியும் அதோடு சேர்ந்து அதிர்வதால் எளிதில் அறுபடாது. அதைக்கொண்டு தமனியைச் சுற்றியுள்ள எலும்பைச் சுரண்டி, தமனியைத் தனியே விடுவித்து ஒதுக்கிவைக்கும் அளவுக்குக்கூடத் தேர்ந்தவர்கள் போகிறார்கள். மிகப் பெரிய தமனி என்றால் வெட்டுவதற்கு முன்பே இருபுறமும் கட்டிவிடலாம். டெஸ்டோரி குழுவினர் 2010-இல் மூன்று மில்லிமீட்டர் அளவிலான ஒன்றை அப்படிக் கட்டிய நோயாளியின் விவரத்தை வெளியிட்டிருக்கிறார்கள். எஞ்சிய எலும்பு ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால் வெளிச்சுவரைத் தொடவே வேண்டாம். 1994-இல் சம்மர்ஸ் விவரித்தபடி பல்மேட்டின் வழியாகவே கீழிருந்து உயர்த்தலாம். அப்போது இந்தத் தமனி வழியில் வருவதே இல்லை.

படத்தில் தமனி தெரியாவிட்டால்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தெரியவில்லை என்ற வரியை, இல்லை என்று வாசித்து நிம்மதியாகிவிடுகிறார்கள். ரொசானோவின் 30-க்கு 30 என்ற முடிவைப் படித்த எவரும் அப்படி நிம்மதி அடைய முடியாது. தெரியாத தமனி சவ்வை ஒட்டி ஓடலாம். எலும்பை வெட்டும்போது தப்பி, சவ்வை உரிக்கும்போது அறுபடலாம். ஆகவே இவர்களுக்கும் பீசோ, நிதானமான உரிப்பு, ரத்தத்தை நிறுத்தும் பொருட்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஆகிய எல்லாம் வேண்டும். படத்தால் இவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஓர் உறுதி: பெரிய கால்வாய் எதுவும் இல்லை. அது சிறிய உறுதியல்ல. ஆனால் அதற்கு மேல் எதையும் அந்தப் படத்தின்மேல் ஏற்றக் கூடாது.

ரத்தக் குழாயையே நேரடியாகக் காட்டும் முறைகள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று வாசகர் கேட்கலாம். ரத்தத்தில் அயோடின் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ தமனியைக் காட்டும். ஆனால் அந்த மருந்துக்கு ஒவ்வாமை உண்டு, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து உண்டு, கதிர்வீச்சும் கூடுதல். பெரும்பாலும் அழுத்தினால் நின்றுவிடும் ரத்தக்கசிவைத் தவிர்க்க இவ்வளவு தூரம் போவது நியாயமில்லை. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் இவ்வளவு மெல்லிய குழாயை எலும்புக்குள் துல்லியமாகக் காட்டுவதும், அதைப் பல் மருத்துவத்தில் அன்றாடப் பழக்கமாக்குவதும் இன்றைய நிலையில் எட்டாத காரியங்கள். ஆகவே குறைகளோடுகூடிய சி.பி.சி.டி.தான் கைவசம் உள்ள சிறந்த கருவி.

கதிர்வீச்சைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ஓர் ஓ.பி.ஜி. சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவர்ட் வரை. சி.பி.சி.டி.யோ கருவி, பரப்பு, துல்லியம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில பத்திலிருந்து பல நூறு மைக்ரோசீவர்ட் வரை போகலாம். இயற்கையிலிருந்தே ஒரு மனிதர் ஆண்டுக்கு உலக சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் பெறுகிறார். அதனோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. ஆனால் காரணமின்றி எடுப்பதற்கு அது சாக்கும் அல்ல. இந்தியாவில் இக்கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. அமெரிக்காவின் வாய், முகக் கதிரியல் அமைப்பு 2012-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இம்பிளான்ட் வைக்கும் எந்த இடத்துக்கும் குறுக்குவெட்டுப் படம் வேண்டும், அதற்குச் சி.பி.சி.டி. ஏற்றது என்றது. அதே ஆண்டு வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அவ்வளவு தாராளமாக இல்லை. ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லி நியாயப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது. எல்லா இம்பிளான்ட்டுக்கும் வேண்டுமா என்பதில் நான் ஐரோப்பியர் பக்கம். ஆனால் சைனஸின் வெளிச்சுவரில் ஜன்னல் வெட்டப்போகிறீர்கள் என்றால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை. தமனி, சைனஸைக் குறுக்கே பிரிக்கும் எலும்புத் தடுப்புகள், சவ்வின் வீக்கம், வடியும் வாய் என நான்கையும் ஒரே படம் காட்டும்போது, அதை எடுக்காமல் வெட்டுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

இந்தத் தமனி சைனஸ் லிஃப்ட்டில் மட்டும் குறுக்கிடுவதில்லை. மேல் கடைவாய்ப் பல்லை மரத்துப்போகச் செய்ய மேல்தாடையின் பின்பக்கம் ஊசி போடும்போது, ஊசிமுனை ஆழமாகப் போய்ப் பி.எஸ்.ஏ. தமனியையோ அங்குள்ள சிரைப் பின்னலையோ குத்திவிட்டால் சில நிமிடங்களில் கன்னம் உப்பிவிடும். பயப்பட ஒன்றுமில்லை, சில நாட்களில் வடிந்துவிடும். ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாத நோயாளி நடுங்கித்தான் போவார்.

நோயாளியிடம் கேட்க வேண்டியதையும் படம் மறக்கடித்துவிடக் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவரிடம் ஒரு மில்லிமீட்டர் தமனிகூட நெடுநேரம் கசியும். அதற்காக அந்த மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. இதய மருத்துவரிடம் கேட்காமல் யாரும் அதைச் செய்யக் கூடாது. எந்தச் சி.பி.சி.டி.யிலும் தெரியாத இந்தத் தகவல், சில சமயம் தமனியின் விட்டத்தைவிட முக்கியமானது.

தமனியை எத்தனை சதவீதப் படங்களில் காணலாம் என்று எண்ணிய ஆய்வுகள் போதுமான அளவுக்கு வந்துவிட்டன. அரிதாக இருப்பது வேறு வகை ஆய்வு: அறுவைக்கு முன் படத்தில் குறித்த இடத்திலேயே ஜன்னல் திறந்தபோது தமனி இருந்ததா, தெரியவில்லை என்று எழுதிய எத்தனை பேரிடம் அது தென்பட்டது, கசிந்தது எத்தனை பேருக்கு? இதற்குப் புதுக் கருவியோ பெரும் நிதியோ தேவையில்லை. சைனஸ் லிஃப்ட் செய்யும் ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியிலும் படமும் இருக்கிறது, அறுவையும் நடக்கிறது. கதிரியல் அறிக்கையில் கால்வாயின் உயரம், விட்டம், அது எலும்புக்குள்ளா சவ்வின் அடியிலா என்ற மூன்றையும் எழுத வேண்டும். தெரியாவிட்டால், எந்த வோக்சல் அளவில், எவ்வளவு உயரம் வரை எடுத்த படத்தில் தெரியவில்லை என்று எழுத வேண்டும். அறுவை முடிந்ததும் கண்ணில் பட்டதை அதே தாளின் கீழ்ப்பாதியில் அறுவை மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டு, கதிரியல் துறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.